கை காட்டிப் பிழைத்தவன்

"தாத்தா, நான் கண்டக்டர் ஆகப்போறேன்" என்றான் பேரன். "எந்த ரூட்டுடா, ஒண்ணாம் நம்பரா?" என்று கேட்டுவிட்டேன். திருவொற்றியூர்க்காரனுக்குக் கண்டக்டர் என்றால் திருவான்மியூர் வரை போகிற அந்தப் பஸ்தான். அவன் சொன்னதோ இசைக்குழுவின் முன்னால் குச்சி பிடித்து நிற்கிறவரை. ராயபுரத்தில் ஒரு கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த ஆசை.

சிரித்தேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது: நானும் இருபத்தாறு வருஷம் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டில், சரக்கு இறக்குகிற ஹேட்ச் வாயின் ஓரமாக நிற்க வேண்டும். வின்ச் ஓட்டுகிறவருக்கு அடியறை தெரியாது. அடியறையில் மூட்டை அடுக்குகிறவர்களுக்கு வின்ச் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் தெரிவது என் கை ஒன்றுதான். அந்த இரைச்சலில் கத்திப் பயனில்லை. விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் 'ஆரியா', அதாவது இறக்கு. போர்ச்சுகீசிய மாலுமிகள் விட்டுப்போன சொல். எங்கள் வாயில் புழங்கிப் புழங்கித் தமிழாகிவிட்டது.

ஒருநாள் கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தலையைத் திருப்பினேன், கை தானாகத் தாழ்ந்தது. கோதுமை மூட்டைகள் கட்டிய சிலிங் சரசரவென்று இறங்கி, கீழே நின்றவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் திட்டவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, யூனியன் தோழர் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போய் மெட்ராஸ் யூத் கொயர் பாடுவதைக் கேட்கவைத்தார். நடத்தியவர் எம்.பி. சீனிவாசன். எங்களுக்கு அவர், ரயில்வே தொழிலாளிகளைப் பற்றி 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். யேசுதாசை முதன்முதலில் சினிமாவில் பாடவைத்தவர். சினிமாவில் வாசிக்கிற கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் போனேன் என்பதை மறைப்பானேன்?

பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவோம். இங்கே மேல்குரல் ஒரு வழி, கீழ்க்குரல் ஒரு வழி என்று பிரிந்து போய், ஓரிடத்தில் வந்து கூடின. பாரதி பாட்டை அப்படி நான் கேட்டதே இல்லை. சிறிது நேரத்தில் பாட்டை விட்டுவிட்டு அவர் கையையே பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிரிவு பாட்டில் நுழையுமுன்பே அவர் கண் அங்கே போய்விடுகிறது. சிலிங் அசையுமுன் நாங்கள் அடியறையில் ஆள் ஒதுங்கிவிட்டானா என்று பார்ப்போமே, அதே பார்வை. மேடையில் இத்தனை பேர் பாட, சத்தமே போடாதவர் அவர் ஒருவர்தான்.

1983-ல் எங்கள் துறைமுகத்தில் கண்டெய்னர் டெர்மினல் வந்தது. மூட்டையும் குறைந்தது, கை காட்டுகிறவனும் குறைந்தான். சீனிவாசன் 1988 மார்ச்சில் லட்சத்தீவில் இறந்துபோனார். குழு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கலையவில்லை, அவருக்குப் பிறகும் பாடியது. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுப் பாடப் பழக்கியிருக்கிறார் மனிதர். நான் லீவு போட்ட நாளில் என் கேங் இப்படி ஓடியிருக்குமா என்று யோசித்தேன். ஓடியிருக்காது. யாருக்கும் நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மேல்தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் நான் அடியறையில மூட்டை அடுக்கினேன்டா" என்றேன். "அதுக்கென்ன தாத்தா?" என்றான். "பின்வரிசையில நின்னு பாடு, தெரியும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

போன ஞாயிறு போய்க் கேட்டேன். பின்வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடினான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும், அவன் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.