அருகுபோல் வேரூன்றி

அருகம்புல்லை அறியாத தமிழர் இலர். மணமக்களை வாழ்த்தும் பெரியோர், "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி வாழ்க" என்பர். பிள்ளையார் வழிபாட்டில் அருகுக்குத் தனியிடம் உண்டு. வடநாட்டினர் இதனைத் 'தூப்' என்று அழைப்பர். அவர்களும் இதனைக் கணேசருக்குப் படைப்பர். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'பெர்முடா புல்'. ஆயினும் இது பெர்முடா தீவில் தோன்றிய புல் அன்று. நம் நாட்டில் வீட்டு முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் நாம் மிதித்து நடக்கும் புல் பல இடங்களில் இதுவே.

வானளாவும் ஆலமரத்தோடு விரலளவே உயர்ந்த ஒரு புல்லைச் சேர்த்து முன்னோர் வாழ்த்தியது ஏன்? இவ்வினாவுக்குரிய விடையை நான் தில்லியில், ஓர் அரசுக் குடியிருப்பின் முன்புறத்தில் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் மைய அரசுப் பணியாளர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிட மாற்றம் வரும். நாங்களும் ஊர் மாறுவோம். நான் ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் தில்லிக்கு வந்தோம். எங்கள் வீட்டின் முன்னே 20 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள வெற்று நிலம் இருந்தது. செங்கல் துண்டுகளும் சரளைக் கற்களும் அதில் நிறைந்து கிடந்தன. மே மாதத்தில் 'லூ' என்னும் அனல்காற்று வீசத் தொடங்கியதும் அந்நிலத்தின் புழுதி முழுவதும் வீட்டிற்குள் குடியேறியது. பாட்டியார் இரவெல்லாம் இருமினார். தங்கை விளையாடச் சென்றால் முழங்காலில் காயத்தோடு திரும்பினாள்.

"இங்கே புல் வளர்ப்போம்" என்றார் தந்தையார்.

எதிர்வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டு வியந்தார். "இது அரசு வீடு. மூன்று ஆண்டுகளில் நீங்கள் போய்விடுவீர்கள். உங்களுடையது அல்லாத மண்ணுக்கு ஏன் இத்தனை உழைப்பு?" என்று வினவினார். தந்தையார் புன்னகைத்தாரே அன்றி மறுமொழி கூறவில்லை. ஆனால் அவ்வினா என் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஜூன் மாதம் முழுவதும் நிலத்தைப் பண்படுத்தினோம். ஒரு சாண் ஆழத்திற்குக் கொத்திக் கற்களைப் பொறுக்கினோம். கோரைக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம். ஒரு கிழங்கு எஞ்சினாலும் கோரை மீண்டும் முளைத்துவிடும். பின்னர் நன்கு மட்கிய தொழுவுரத்தை மண்ணுடன் கலந்து, நீர் தேங்காதவாறு நிலத்தைச் சமன் செய்தோம்.

ஜூலையில் பருவமழை வந்தது. அருகு வெப்பத்தை விரும்பும் புல். ஆகவே வெம்மையும் ஈரமும் ஒருங்கே அமையும் மழைக்காலமே வடநாட்டில் இதனை நடுவதற்கு ஏற்ற காலம். எங்கள் குடியிருப்பின் 'மாலி', அதாவது தோட்டக்காரர், ஒரு சாக்கு நிறைய ஓடுதண்டுகளைக் கொண்டுவந்து தந்தார். தரையின்மீது படர்ந்து செல்லும் தண்டே ஓடுதண்டு. அதில் சிறு இடைவெளிகளில் கணுக்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றினோம். கணு மண்ணில் பதிந்தால் கீழே வேரும் மேலே தளிரும் தோன்றும். முதல் மூன்று வாரங்கள் மண் காயாதவாறு பார்த்துக்கொண்டோம். ஆகஸ்டு முடிவதற்குள் புழுதி நிலம் பச்சை நிறம் கொண்டது.

எனினும் அப்பசுமை அடர்த்தியாக இல்லை. இடையிடையே மண் தெரிந்தது. அப்போது மாலி புல்லை வெட்டச் சொன்னார். குறைவாக உள்ளதை வெட்டினால் மேலும் குறையாதோ என்று நான் ஐயுற்றேன். அவர் குனிந்து ஒரு புல்லைக் காட்டி விளக்கினார். புல்லின் வளர்முனை தரையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே இலையின் மேற்பகுதியை வெட்டினால் புல் அழிவதில்லை. உயர்ந்த இலைகள் குறையும்போது வெயில் அடிப்பகுதி வரை இறங்குகிறது. பக்கங்களில் புதிய தளிர்கள் கிளைக்கின்றன. ஆனால் ஒரே வேளையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டுதல் கூடாது. எனவே வாரந்தோறும் சிறிதளவு வெட்டி, புல்லை ஏறத்தாழ 3 செண்டிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தோம். வெட்டிய துணுக்குகளை அங்கேயே உதிர்த்துவிட்டோம். அவை மட்கி மண்ணுக்கு உரமாயின.

டிசம்பர் வந்தது, சோதனையும் வந்தது. இரவுக் குளிர் மிகுந்தபோது புல் மஞ்சளாயிற்று. ஜனவரியில் வைக்கோல்போல் பழுப்பாயிற்று. தஞ்சை மண்ணில் வளர்ந்த பாட்டியார் இத்தகைய காட்சியைக் கண்டதே இல்லை. தமிழகத்துச் சமவெளியில் அருகு வெயிலில் காய்ந்து கருகுவதுண்டு; குளிரில் நிறம் இழப்பதில்லை. "எல்லாம் பட்டுப்போயிற்றே, அப்பா!" என்று தந்தையாரிடம் கூறி வருந்தினார். எதிர்வீட்டுப் பெரியவரோ, அனைத்தையும் பெயர்த்துவிட்டுத் தரைக்குச் சிமெண்டு பூசுமாறு அறிவுறுத்தினார். தந்தையாரும் சிமெண்டு விலையை விசாரித்து வந்தார்.

மறுநாள் மாலியிடம் கேட்டோம். அவர் ஓர் ஓடுதண்டை நகத்தால் கீறினார். பழுத்த மேல்தோலுக்கு அடியில் தண்டு வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தது. "தூப் ஸோ ரஹீ ஹை, பாபுஜி" என்றார். தூப் உறங்குகிறது! குளிர் மிகுந்தால் அருகு தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. இலைகள் காய்ந்தாலும் தரைகீழ்த் தண்டுகளில் உணவைச் சேமித்து உயிரோடு காத்திருக்கிறது. அந்நிலையில் உரமிடுவதாலும் மிகுதியாக நீர் பாய்ச்சுவதாலும் பயன் இல்லை. மண் முற்றிலும் வறண்டுவிடாமல் காத்தால் போதும்.

சிமெண்டு வாங்கும் எண்ணத்தைத் தந்தையார் கைவிட்டார். பாட்டியார் மட்டும் நாள்தோறும் காலையில் ஊன்றுகோலோடு சென்று புல்லை உற்றுநோக்கித் திரும்பினார். மார்ச்சு மாதத்தில், ஹோலிப் பண்டிகையின் வண்ணங்கள் இன்னும் சுவர்களில் மறையாதிருந்த ஒரு நாள், அவருடைய குரல் கேட்டு ஓடினோம். பழுப்பு நிறத்தின் நடுவே ஊசிமுனைபோல் பச்சைத் தளிர்கள் எட்டிப்பார்த்தன.

அந்தக் கோடையில் புல்லை அடர்த்தியாக்கும் வழிகளைக் கற்றோம். நடந்து நடந்து மண் இறுகிய இடங்களில் புல் மெலிந்திருந்தது. அங்கே கூரிய கம்பியால் விரல் நீளத் துளைகள் இட்டு, மணலும் மட்கிய உரமும் மெல்லியதாகத் தூவினோம். காற்றும் நீரும் வேரை அடைந்தன. சதுர மீட்டருக்கு 10 கிராம் என்னும் அளவில் யூரியா இட்டு, உடனே நீர் பாய்ச்சினோம். உரம் மிகுந்தால் புல் கருகும் என்பதால் தந்தையார் அதனை நிறுத்தே இட்டார். நாள்தோறும் சிறிது தெளிக்காமல், சில நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையுமாறு நீர் விட்டோம். மேலே ஈரம் குறையும்போது வேர் நீரைத் தேடிக் கீழே செல்லும். அவ்வாறு ஆழ்ந்த வேரே கடுங்கோடையைத் தாங்கும். வேப்பமரத்தின் அடியில் மட்டும் புல் அடரவில்லை. அருகுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். மரத்தை வெட்ட மனமில்லாமல், அங்கே பாட்டியார் அமர்வதற்கு ஒரு கல்லை இட்டோம்.

இரண்டாம் மழைக்காலம் முடிந்தபோது மண் எங்கும் தெரியவில்லை. அடுத்த கோடையில் 'லூ' வீசியது. ஆனால் எங்கள் முற்றத்திலிருந்து புழுதி எழவில்லை. தங்கை வெறுங்காலோடு ஓடினாள். மாலையில் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் அங்கே கூடினர். தமிழும் இந்தியும் பஞ்சாபியும் கலந்த அவர்களின் ஆரவாரத்தைப் பாட்டியார் கல்லில் அமர்ந்தவாறே கேட்டு மகிழ்ந்தார்.

மூன்றாம் ஆண்டின் ஜூலையில் பணியிட மாற்ற ஆணை வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள், பெட்டிகள் கட்டப்பட்டுக் கிடக்க, தந்தையார் வழக்கம்போல் புல்லை வெட்டி நீர் பாய்ச்சினார். அப்போது எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். சிறிது நேரம் பேசாமல் நின்றவர், "எங்கள் முற்றத்துக்கும் இரண்டு கைப்பிடி தாருங்கள்" என்றார். தந்தையார் ஓரத்திலிருந்த ஓடுதண்டுகளை வேரோடு எடுத்து அவருக்குத் தந்தார். இன்னும் ஒரு பிடியை ஈரச்சாக்கில் சுற்றி எங்கள் பெட்டிகளோடு வைத்தார்.

வேரூன்றுதல் என்றால் ஓரிடத்திலேயே நிலைத்திருத்தல் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் அருகின் வேர் ஓரிடத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கணுவிலும் இருக்கிறது. தொட்ட மண் எதுவாயினும் அக்கணு அங்கே வேர்விடும், காலம் ஒவ்வாதபோது பொறுத்திருக்கும், மீண்டும் படரும். அருகுபோல் வாழ்க என்று முன்னோர் வாழ்த்தியதன் பொருளை, வண்டியில் என் மடிமீது இருந்த அந்த ஈரச்சாக்கு எனக்கு உணர்த்தியது.