பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? கட்டாயம் பார்க்க வேண்டும். மாட்டுக்கு பர்த் சர்ட்டிபிகேட் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடையாது. நம்மவர்கள் மாதிரி இரண்டு வயசைக் குறைத்துப் போட்டு சர்வீஸை நீட்டிக்கவும் முடியாது. எல்லாம் வாயிலேயே எழுதியிருக்கிறது!

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற சந்தைக்குப் போனால் இதைப் பார்க்கலாம். தரகர் மாட்டின் கீழுதட்டை இழுத்து ஒரே ஒரு விநாடி பார்ப்பார். "நாலு பல்லுங்க" என்பார். அப்புறம் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களாலேயே விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாம் ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் புரட்ட எடுக்கும் நேரத்தில் அங்கே ஆடிட்டே முடிந்துவிடும்.

கணக்கு ரொம்ப சுலபம். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. அங்கே பல்லுக்குப் பதில் ஒரு கெட்டியான திண்டுதான். கீழே மட்டும் 8. இரண்டு வயதை ஒட்டி நடுவில் இருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு ஜோடி ஜோடியாக நாலு, ஆறு, எட்டு. நாலு, ஐந்து வயதில் எட்டும் சேர்ந்துவிடும். அதற்கு மேல் எண்ணிப் பிரயோஜனமில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

கடைவாயில் 24. ஆக மொத்தம் 32. அட, நமக்கும் 32தானே! ஆனால் நாம் அதை வைத்துக்கொண்டு கைமுறுக்கைக் கடிக்கவே யோசிக்கிறோம். மாடு அதே 32-ஐ வைத்துக்கொண்டு வைக்கோலை அரைக்கிறது. மேய்ந்தது போக, அசைபோட மட்டுமே நாளுக்கு 7, 8 மணி நேரம் ஆகும். ஏறக்குறைய நம் ஆபீஸ் நேரம். சில ஸீட்டுகளில் வேலையும் அதேதான்!

புல் பார்க்கத்தான் சாது. அதற்குள் சிலிக்கா என்கிற கண்ணாடி மாதிரித் துகள்கள் இருக்கின்றன. போதாக்குறைக்குத் தரையோடு மேயும்போது மண்ணும் சேர்ந்து உள்ளே போகிறது. நியூசிலாந்தில் ஆடுகளின் பல் ஏன் இப்படித் தேய்கிறது என்று 1960-களில் ஆராய்ந்தபோது, அவை விழுங்குகிற மண்ணும் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக, தினமும் மணல் கலந்த சோறு.

இதைச் சமாளிக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அலாதியானது. நம் பல்லில் எனாமல் தொப்பி மாதிரி மேலே கவிழ்ந்திருக்கிறது. மாட்டின் கடைவாய்ப் பல்லிலோ அது மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கியிருக்கும். மடிப்புகளுக்கு நடுவே அதைவிட மிருதுவான டென்டின், சிமெண்ட்டம். மிருதுவானது முதலில் தேய்ந்து பள்ளமாகும். எனாமல் மேடாக நிற்கும். அம்மி வழவழவென்று ஆகிவிட்டால் உளி வைத்துக் கொத்த ஆள் தேட வேண்டும். மாட்டுப் பல்லோ தேயத் தேயத் தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது!

குதிரை இன்னும் கெட்டிக்காரன். பி.காம். படித்த எனக்கு அதன் மேல் தனி மரியாதை. வயசுக் குதிரையின் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றும் 7, 8 சென்டிமீட்டர் நீளம். வெளியே தெரிவது கொஞ்சம்தான். பாக்கியெல்லாம் தாடைக்குள் ரிசர்வ் ஃபண்ட். வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் தேயும், அதே அளவு வெளியே வரும். ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தடில் டிப்ரிஸியேஷன்! வருஷம் 3 மில்லிமீட்டர் என்றால் 75 மில்லிமீட்டர் 25 வருஷத்துக்கு வரும். குதிரையின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

யானை தவணை முறை. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் வாழ்நாளில் மொத்தம் 6 கடைவாய்ப் பற்கள். ஒன்று தேய்ந்து முன்னால் நகர நகர, பின்னாலிருந்து அடுத்தது வரும். ஆறாவதும் தேய்ந்துபோனால், அறுபது வயதை ஒட்டி, அத்தனை பெரிய உருவம் மெல்ல முடியாமல் மெலிந்துபோகும். காடு முழுக்கப் பச்சை இருந்தும் பட்டினி.

இதெல்லாம் எனக்கு வெறும் பொது அறிவாகப் படாமல் போனதற்குக் காரணம், பெரியப்பா வீட்டுச் செவலை. ஒன்பது ஈத்து போட்ட பசு. முன்பற்கள் தேய்ந்து குச்சி குச்சியாக, இடைவெளி விட்டு நின்றன. வைக்கோலைப் பாதி மென்று பாதி துப்பியது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அண்ணன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். தரகர் வந்தார், உதட்டை இழுத்தார்.

"பல்லு முடிஞ்சு போச்சுங்க. இப்பக் குடுத்தீங்கன்னா ஏதோ கறி விலைக்காவது போகும். இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா அதுவும் இல்லீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பி.காமுக்கு வீட்டில் மரியாதை கிடைக்கிற அபூர்வ தருணம். புக் வேல்யூ பூஜ்யம், தீவனச் செலவு மட்டும் பாக்கி என்று உள்ளதைச் சொன்னேன். பெரியப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார்.

"தேஞ்ச பல்லெல்லாம் எங்க போச்சு கண்ணு? நீ குடிச்ச பாலாத்தான போச்சு. அதை எந்தப் பக்கம் எழுதுவே?"

ஐந்து வருஷம் டெபிட், கிரெடிட் எழுதிய கை அன்றைக்கு பேனாவைத் தேடவேயில்லை.

ஃபீஸ் நிற்குமா? நிற்கவில்லை. நல்ல விலைக்குப் போகக்கூடிய இளம் கிடாரியை விற்றார்கள். அண்ணிக்கு அதில் வருத்தம்தான். செவலைக்குத் தவிட்டுக் கஞ்சி, ஊறவைத்த புண்ணாக்கு, பொடியாக நறுக்கிய பச்சைப் புல். இரண்டே மாதத்தில் விலா மூடியது. மேலும் மூன்று வருஷம் பால் கொடுக்காமலேயே வாழ்ந்துவிட்டு, தொழுவத்திலேயே கண்ணை மூடியது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ளாத செலவு. பெரியப்பா ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

உங்கள் ஆபீஸிலும் மூலை ஸீட்டில் ஒருவர் இருப்பார். ரிட்டயராக ஒன்றரை வருஷம். கம்ப்யூட்டர் மவுஸை நிஜ எலி மாதிரி பயந்து பிடிப்பார். 'இவருக்கு எதுக்கு சம்பளம்?' என்று கேன்டீனில் பேச்சு வரும். இத்தனை வருஷம் அந்த ஆபீஸ் குடித்த பால் யாருடையது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறமாக அவர் உதட்டை இழுத்துப் பாருங்கள்!