கத்தி தாங்கிய கூடு

லிங்குலோடினியம் மகேரோபோரம் என்பது, இன்றைய கடலடிச் சேற்றிலும் பேலியோசீன் காலம் வரை பின்னோக்கிச் செல்லும் பழங்கடற் படிவுகளிலும் கிடைக்கும் ஒரு நுண்கூட்டின் பெயர். இக்கூட்டைக் கட்டுவது டைனோபிளாஜெல்லேட் எனப்படும் ஒற்றைச்செல் உயிர்களுள் ஒன்று. சவுக்கு போன்ற இரண்டு இழைகளை அசைத்துச் சுழன்று நீந்தும் அவ்வுயிர், பாலினச் சேர்க்கைக்குப் பின் தன்னைச் சுற்றி உறுதியான உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலடியில் படிந்து உறங்குகிறது. காலம் கனிந்ததும் உயிர் உறையைத் திறந்து வெளியேறிவிட, வெறுமையான கூடு மட்டும் சேற்றில் தங்கிப் புதைபடிவமாகிறது. சிஸ்ட் என்று அறிவியலார் வழங்கும் இந்த உறங்குகூட்டை இன்னதென்று அடையாளம் கண்டு பெயர் சொல்வது புத்தக அறிவால் மட்டும் கைகூடுவதன்று. அமிலத்தோடும் சல்லடையோடும் நுண்ணோக்கியோடும் ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளும் கண்களும் செய்யும் தொழில் அது.

அத்தொழில் நடக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது, கண்ணாடிக் குடுவைகள் இல்லாத மேசை. படிவிலுள்ள மணலையும் களியையும் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையும் கரைத்துவிடும் என்பதால் அங்கே எல்லாம் பிளாஸ்டிக் கலங்களே. தோலில் பட்டவுடன் வலி தெரியாமலே உள்ளிறங்கி உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கொடிய அமிலம் இது. ஆகையால் தடித்த கையுறையும் முகக்கவசமும் அணிந்து, நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் கைநீட்டி வேலை செய்பவரின் அருகில் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு எப்போதும் எட்டும் தொலைவில் இருக்கிறது. இந்த அமிலத்தைச் சேர்ப்பதற்கு முன்பே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பு முழுவதையும் நீக்கியாக வேண்டும், இல்லையேல் கால்சியம் புளோரைடு கெட்டியான படிகங்களாக வீழ்ந்து மாதிரியைப் பாழாக்கிவிடும். நுரை அடங்கியதா, அடியில் இன்னும் சுண்ணாம்பு எஞ்சியிருக்கிறதா என்பதை அனுபவமுள்ள பணியாளர் கலத்தைச் சற்றே சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

பாறையையே கரைக்கும் அமிலத்திலிருந்து கூடு தப்புவதற்குக் காரணம், அதன் சுவர் சிலிக்காவாலோ சுண்ணாம்பாலோ ஆகாமல் டைனோஸ்போரின் என்னும் கரிமப் பொருளால் ஆகியிருப்பதே. ஆயினும் அது எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆக்சிஜனேற்றம் செய்யும் வேதிப்பொருள்கள் மகரந்தத்தூளைத் தூய்மைப்படுத்த உதவினாலும், மென்சுவர் கொண்ட சில சிஸ்டுகளை அடியோடு அழித்துவிடக்கூடியவை. அப்படி அழிந்தால் தட்டில் எஞ்சும் கூட்டம் கடலில் இருந்த கூட்டமாக இராது. எனவே கழுவுவதிலும் சலிப்பதிலும் ஒரு நிதானம் தேவைப்படுகிறது. பத்து மைக்ரான் அளவுள்ள நைலான் வலையில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே கண்ணளவுள்ள சல்லடையில், எச்சத்தை நீர் தெளிய அலசுகிறார்கள். எண்ணிக்கையைக் கணிக்க ஓர் எளிய உபாயமும் உண்டு: ஸ்டாக்மர் 1971இல் முன்வைத்தபடி, லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின் வித்துத்தூள்கள் எண்ணிக்கை தெரிந்த அளவில் அடங்கிய வில்லையைத் தொடக்கத்திலேயே மாதிரியில் கரைத்துவிடுவார்கள். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் அத்தூள்களையும் கூடுகளையும் சேர்த்து எண்ணி, விகிதத்தைக் கொண்டு ஒரு கிராம் படிவில் எத்தனை கூடுகள் இருந்தன என்று கணக்கிடுவார்கள். அமிலமெல்லாம் நீங்கிய பின், கிளிசரின் பாகில் பதிக்கப்பட்டு, கூடு கடைசியாகக் கண்ணாடித் தகட்டின்மேல் வந்து சேர்கிறது.

நுண்ணோக்கியின் கீழ் தெரியும் உருவம் அழகானது. கோளமாகவோ சற்றே பல்முகமாகவோ அமைந்த உடலின் குறுக்களவு பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பத்தைந்து மைக்ரானுக்குள் அடங்கும். தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. நுண்மணிகள் தூவியது போன்ற அதன் சுவர்ப்பரப்பிலிருந்து நாற்புறமும் முட்கள் எழுகின்றன. அவை உள்ளே வெற்றிடமுடையவை, அடியில் அகன்று நுனியில் கூர்ந்து மூடியவை. சிலவற்றின் நுனியில் மிகச்சிறு துணைமுட்களும் தென்படும். மகேரோபோரம் என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கத்தி தாங்கியது என்று பொருள், அப்பெயர் இம்முட்களைப் பார்த்து இடப்பட்டது. முட்கள் உடலின்மேல் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்பதும் கவனிக்க வேண்டியது. நீந்தும் பருவத்தில் இவ்வுயிரைப் போர்த்தியிருக்கும் செல்லுலோஸ் கவசம் பல தகடுகளால் இணைந்தது. வேறு சில சிஸ்டுகளில் முட்களின் வரிசை அத்தகடுகளின் எல்லையைக் காட்டிக்கொடுக்கும். மகேரோபோரத்திலோ முட்கள் தகடுகளைப் பொருட்படுத்தாமல் எங்கும் பரவியிருப்பதால், அவற்றைக் கொண்டு தகட்டமைப்பைப் படிக்க இயலாது.

தகட்டமைப்பைப் படிக்க உதவுவது வேறொன்று. உயிர் வெளியேறிய வழி கூட்டில் ஒரு திறப்பாக எஞ்சுகிறது. ஆர்க்கியோபைல் எனப்படும் அத்திறப்பைத் தமிழில் தொல்வாயில் என்று சொல்லலாம். இச்சிற்றினத்தில் இடுப்பைச் சுற்றிய பள்ளத்துக்கு மேலுள்ள வரிசையின் தகடுகளுக்கு ஈடான துண்டுகள் கழன்று வாயில் உண்டாகிறது. ஒரே துண்டு கழன்ற கூடும் உண்டு, ஐந்து வரை கழன்ற கூடும் உண்டு. விளிம்பு நேர்கோடுகளாக மடிந்து கோணங்களோடு நிற்பதால், அது தற்செயலாகக் கிழிந்த கிழிசல் அன்று என்பது புலனாகும். இவ்வேலையில் தேர்ந்தவர்கள் ஒரு கூட்டைக் கண்டதும் முட்களைக் கடந்து இந்த விளிம்பைத்தான் தேடுகிறார்கள். எண்ணெய்த் துளியிட்டு ஆயிரம் மடங்கு பெருக்கி, குவியத்தை மேலும் கீழுமாக மெல்ல நகர்த்தி, மேற்சுவரையும் அடிச்சுவரையும் மாறிமாறிப் பார்த்து, திறப்பு எந்தப் பக்கம் உள்ளது என்று உறுதி செய்த பின்பே பதிவேட்டில் பெயர் ஏறுகிறது.

இந்தப் பார்வை வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1830களில் ஜெர்மானிய அறிஞர் ஏரன்பர்க், தீக்கல்லின் மெல்லிய சில்லுகளை ஒளியில் பிடித்துப் பார்த்தபோது முள்ளுருண்டைகளைக் கண்டு, நன்னீர்ப் பாசியான சாந்திடியத்தோடு அவற்றைச் சேர்த்தார். பின்வந்தோர் முள்ளம்பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஹிஸ்ட்ரிகோஸ்பியர் என்று அழைத்தனர். கண்ணைக் கவர்ந்தது முள்ளாகவே இருந்தமையால் பெயரும் முள்ளிலேயே நின்றது, அவை எந்த உயிரின் பகுதி என்னும் வினாவோ விடையின்றிக் கிடந்தது. அமெரிக்கரான வில்லியம் எவிட் 1961இல் வாயிலைக் கவனித்தார். திறப்பு ஒவ்வொரு வகையிலும் நிலையான இடத்தில், டைனோபிளாஜெல்லேட்டின் தகடுகளுக்கு ஒத்த வடிவில் அமைவதைக் காட்டி, இவற்றுள் பெரும்பகுதி அவ்வுயிர்களின் சிஸ்டுகளே என்று நிறுவினார். உறவு தெரியாமல் எஞ்சியவற்றை 1963இல் அக்ரிடார்க் என்னும் தனிக் குழுவாக ஒதுக்கினார். இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

மகேரோபோரத்தின் பெயர் வரலாற்றிலும் அத்திருப்பத்தின் தடம் தெரிகிறது. பிரான்ஸின் ஜார்ஜ் டிஃப்லாண்டரும் ஆஸ்திரேலியாவின் இசபெல் குக்சனும் ஆஸ்திரேலியப் படிவுகளை ஆராய்ந்து 1955இல் இதை ஹிஸ்ட்ரிகோஸ்பேரிடியம் மகேரோபோரம் என விவரித்தனர். கரீபியன் ஆழ்கடல் படிவுகளை ஆராய்ந்த டேவிட் வால் 1967இல் லிங்குலோடினியம் என்னும் புதிய பேரினத்தை உருவாக்கி அதில் இதைச் சேர்த்தார். அதே காலத்தில் வாலும் பேரி டேலும் உயிருள்ள சிஸ்டுகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்கச் செய்து, எக்கூட்டிலிருந்து எவ்வுயிர் வருகிறது என்று நேரில் கண்டறிந்தனர். மகேரோபோரத்திலிருந்து வெளிவருவது, ஸ்டைன் 1883இல் கோனியாலாக்ஸ் பாலியெட்ரா என்று பெயரிட்ட, இரவில் நீலமாக ஒளிரும் உயிர். 2020இல் தெற்குக் கலிபோர்னியக் கரையின் அலைகளை ஒளிரச் செய்ததும் அதுவே. டாட்ஜ் 1989இல் அதை லிங்குலோடினியம் பேரினத்துக்கு மாற்றியபோது, வாழும் உயிர் தன் புதைபடிவக் கூட்டின் பேரினப் பெயரையே ஏற்றுக்கொண்டது. கூட்டுக்கு மகேரோபோரம் என்றும் உயிருக்குப் பாலியெட்ரா என்றும் இரு சிற்றினப் பெயர்கள் இன்றும் நிலவுகின்றன. பாசிகளின் புதைபடிவப் பெயரையும் வாழும் உயிரின் பெயரையும் தனித்தனியே வழங்கப் பெயரிடல் விதிகள் இடம் தருகின்றன; பழம்படிவில் கிடைக்கும் ஒரு கூட்டை, அதைக் கட்டிய உயிரை ஒருபோதும் காண முடியாத நிலையில், கூடு என்ற அளவிலேயே பெயரிட்டு வைப்பது நேர்மையான வழியும்கூட.

முட்களின் நீளமோ வெகுநாள் குழப்பம் விளைவித்தது. பெருங்கடலில் நீண்டும் கருங்கடலிலும் பால்டிக் கடலிலும் குறுகியும் காணப்பட்ட முட்களைக் கொண்டு, தனித்தனி வடிவங்களாகப் பிரித்துப் பெயர் சூட்டியோர் இருந்தனர். கோகினோஸும் ஆண்டர்சனும் 1995இல் வளர்ப்பு நீரில் கூடு உருவாவதைத் தொடர்ந்து பார்த்து, வளர்ச்சி இடையில் நின்றாலே முள்வடிவம் மாறிவிடுகிறது என்று காட்டினர். மெர்டன்ஸும் உடனாய்வாளர்களும் 2009இல் உலகின் பல கடல்களிலிருந்து பெற்ற மாதிரிகளை ஒப்பிட்டு, நீரின் உப்புத்தன்மையோடும் வெப்பத்தோடும் முள்ளின் சராசரி நீளம் இணைந்து மாறுவதை நிறுவினர். ஒரு மாதிரிக்கு ஐம்பது கூடுகள், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியும் மிக நீண்ட மூன்று முட்கள், ஆக நூற்றைம்பது அளவீடுகள் என்பது அவர்கள் வகுத்த முறை. வடிவங்களைப் பிரித்துப் பெயரிட உதவாத முள்நீளம் இவ்வாறு பழங்கடலின் உப்பைச் சொல்லும் அளவுகோலாயிற்று; மத்தியதரைக் கடலின் நீர் உட்புகுந்த பின் கருங்கடல் படிப்படியாக உவர்த்த வரலாற்றை அதன் அடிச்சேற்றிலுள்ள முட்களைக் கொண்டு கணிக்க முடிகிறது.

அந்த அளவீட்டில் ஈடுபட்டிருப்பவரின் மேசைக்கருகே சிறிது நேரம் நின்று பார்த்தால், இத்தொழிலின் பொறுமை எத்தகையது என்பது விளங்கும். ஒடிந்த முள்ளை அளவில் சேர்க்கக் கூடாது. மேல்நோக்கிச் சாய்ந்த முள் குட்டையாகத் தோன்றி ஏமாற்றும் என்பதால், அடியும் நுனியும் ஒரே குவியத்தில் தெளியும் முள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அளந்து முடித்ததும், சதுரக் கட்டங்களில் எழுத்தும் எண்ணும் பொறித்த இங்கிலாந்து ஃபைண்டர் என்னும் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் மேடையில் மாற்றி வைத்து, கூடு நிற்கும் கட்டத்தின் குறியைப் பதிவேட்டில் எழுதுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் வேறொருவர் அதே மாதிரித் தகட்டை எடுத்து, அதே கூட்டின் அதே மூன்று முட்களை மீண்டும் அளந்து சரிபார்ப்பதற்காக.