வழிவிட்டுப் போனால் சேர்ந்து போகலாம்

இளைஞர்களே, நண்பர்களோடு நெடுந்தூரம் வண்டியில் போக ஆசைப்படாதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். போங்கள். கல்யாணம், வேலை, வீட்டுக்கடன் என்று ஆளுக்கொரு திசைக்கு இழுபடுவதற்கு முன்னால் ஒரு முறையாவது போய் வந்துவிடுங்கள். ஆனால் இப்படிச் சிரித்துக்கொண்டே கிளம்பிய நட்புகளில் பல, திரும்பி வரும்போது பேச்சுவார்த்தை இல்லாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. முன்சீட்டில் யார் உட்காருவது, பெட்ரோலுக்கு யார் எவ்வளவு போட்டார், யாரால் தாமதமானது என்ற அற்பச் சங்கதிகள்தாம் காரணமாக இருந்திருக்கும். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டுமானால் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர், நியூசிலாந்தின் தென் தீவில் மில்ஃபோர்டு சவுண்டு வரை வேனில் போய், படகேறி, மனம் நிறைந்து திரும்பினோம். வாழ்க்கை முழுக்க நான் நம்பி வந்த ஒன்றை அந்தச் சாலை எனக்கு உறுதிப்படுத்தியது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மில்ஃபோர்டு சவுண்டு ஒரு ஃபியோர்டு. பனியாறுகள் மலையை அரைத்துக் குடைந்த ஆழமான பள்ளத்தில், பனி உருகிப் பின்வாங்கிய பிறகு கடல் புகுந்துகொண்டது. சுமார் 15 கிலோமீட்டர் நீளம். இரு பக்கமும் செங்குத்துப் பாறை. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இதைப் பியோபியோடாஹி என்று அழைக்கிறார்கள். தூ தே ரக்கி ஃபானோவா என்ற ஆதி சிற்பி, தெற்கிலிருந்து ஒவ்வொரு ஃபியோர்டாகச் செதுக்கிக்கொண்டே வந்தாராம். கை நன்றாகப் பழகிய பிறகு கடைசியில் செதுக்கியது இது என்பதால், இதுவே அவருடைய தேர்ந்த வேலை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

குவீன்ஸ்டவுன் நகரிலிருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். நடுவில் மலை நிற்பதால் சாலை சுற்றிக்கொண்டு 290 கிலோமீட்டர் வரை போகிறது. ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். எங்களோடு வந்த ஒருவருக்கு முதுகுவலி. அவரால் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று கேட்டுவிட்டுத்தான் திட்டமே போட்டோம். பாதி வழியில், தே அனாவ் என்ற ஏரிக்கரை ஊரில் இரவு தங்கினோம். பயணம் தொடங்கும்போதே ஆளுக்குச் சமமாகப் பணம் போட்டு ஒரு பையில் வைத்தோம். ஒருவர் செலவு செய்து, அன்றன்றைக்குக் கணக்கு எழுதினார். பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் எழவில்லை.

தே அனாவிலிருந்து மில்ஃபோர்டுக்கு 119 கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. டேங்கை நிரப்பி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். எக்ளின்டன் பள்ளத்தாக்கில் மஞ்சள் புல்வெளி மேல் மூடுபனி கிடந்தது. கண்ணாடிக் குளங்கள் என்று பேர் பெற்ற இடத்தில் காற்று அசையவே இல்லை; எதிரே நின்ற மலை, தண்ணீருக்குள் தலைகீழாக அப்படியே தெரிந்தது. காற்று கிளம்பிவிட்டால் இந்தக் காட்சி கலைந்துவிடும். முதுகுவலிக்காரருக்காக இரவு தங்கியதால்தான் அந்த நேரத்தில் அங்கே இருந்தோம். கூட வருபவர்களில் முடியாதவரை மனத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டம் வராது.

அந்த நாட்டுச் சாலைகளில் ஒற்றை வண்டிப் பாலங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். சிவப்பு வட்டப் பலகை இருக்கும் பக்கத்தில் வருபவர் நிற்க வேண்டும். எதிரில் வருபவருக்கு முன்னுரிமை. போலீஸ் கிடையாது, கை காட்ட ஆள் கிடையாது. ஒரு பாலத்தில் நாங்கள் நின்றோம். எதிரே ஒரு பண்ணைக்காரர், பின்னால் ஆட்டு நாயை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்களைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்லிப் போனார். இன்னொரு பாலத்தில் முன்னுரிமை எங்களுக்கு. எதிரே ஒரு பெரிய சுற்றுலாப் பேருந்து வந்துகொண்டிருந்தது. தன் அளவைக் காட்டி முண்டாமல், எங்கள் சின்ன வேனுக்காக அது ஒதுங்கி நின்றது.

இதை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நட்புக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலத்தில் நீங்கள் நிற்பீர்கள், அடுத்த பாலத்தில் இன்னொருவர் நிற்பார். எல்லாப் பாலத்திலும் ஒருவரே நிற்க வேண்டியிருந்தால், அதற்கு அடங்கிப்போவது என்று பெயர். எப்போதும் நானே நிற்கிறேனா, எப்போதும் அவரையே நிற்க வைக்கிறேனா என்று அவ்வப்போது நட்பைச் சோதித்துப் பாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் வெளிப்படையாகப் பேசிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மலையின் உச்சிக்குக் கீழே ஹோமர் சுரங்கப்பாதை இருக்கிறது. எங்களோடு வந்த ஓர் அம்மையாருக்கு மூடிய இருட்டான இடத்தில் மூச்சு முட்டும். முந்தின இரவே அதைச் சொல்லியிருந்தார், யாரும் சிரிக்கவில்லை. சுரங்கத்தின் வாயில் பச்சை விளக்குக்காக நீண்ட வரிசையில் காத்திருந்தபோதுதான் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்த நண்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுரங்கத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

உலகம் முழுவதும் வேலையில்லாமல் தவித்த 1930-களில், வேலையற்றோர் நிவாரணப் பணியாகத் தொடங்கியது அது. 1935-இல் ஐந்தே பேர், பிக்காசும் தள்ளுவண்டியும் கொண்டு கடினப் பாறையில் குடையத் தொடங்கினார்கள். தங்கியது கூடாரத்தில், குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தில் வெயிலே விழாது. 1936, 1937 ஆண்டுகளில் பனிச்சரிவுகளில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். போர் வந்து வேலை தடைப்பட்டது. 1.2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை 1954-இல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்து, பூச்சுப் பூசாத கரடுமுரடான பாறைச் சுவர்களுக்கு நடுவே, நீர் சொட்டச் சொட்ட இறங்கி, மறுபக்க வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம். “ஐந்து பேரா?” என்று கேட்டார் அந்த அம்மையார். பயம் போன இடத்தில் மரியாதை வந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு சொல்வேன். உங்களுக்கு ஒன்று முடியாது என்றால் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சொன்னால்தானே அவர்களால் இடம்கொடுக்க முடியும். அடுத்து, இன்று நீங்கள் சில நிமிடங்களில் கடக்கும் பாதைகள் பலவற்றுக்குப் பின்னால் யாரோ பல வருடம் உழைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்காத காலத்தில் கிடைத்த பிக்காசை எடுத்தவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். கிடைத்த வேலை சிறியது என்று நினைத்துச் சோர்ந்துபோகிற தம்பி தங்கைகளே, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

படகேறியபோது மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தேக்கி வைத்தால் ஒரு மாடி வீடு மூழ்கும். எங்களில் ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மழையில்தான் அந்த இடம் முழு அழகோடு இருக்கிறது. பாறை முழுவதும் வெள்ளை இழைகளாக எண்ண முடியாத அருவிகள் இறங்கின. சுமார் 150 மீட்டர் உயரமுள்ள ஸ்டர்லிங் அருவிக்கு அடியில் படகின் முகப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாரலில் எல்லோரும் நனைந்தோம். முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றிருந்த இளம்பிள்ளைகள், எங்கள் முதுகுவலிக்காரர் தள்ளாடுவதைப் பார்த்து, கேட்காமலே நகர்ந்து அவருக்குக் கம்பியைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

அந்தச் செங்குத்துப் பாறைகளில் மரங்கள் நிற்பதுதான் பெரிய அதிசயம். கால் வைக்க மண் கிடையாது. முதலில் பாசி படர்கிறது, அதன்மேல் பெரணி, அதன்மேல் மரம். ஆழத்துக்கு வேர்விட வழியில்லாததால், பக்கத்து மரத்தின் வேரோடு வேரைப் பின்னிக்கொண்டு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கனமழையில் ஒரு மரம் பிடியை விட்டால், தன்னோடு பின்னியிருக்கிற மரங்களையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகச் சரிகிறது. அப்படிச் சரிந்த இடங்கள் வெறும் பாறையாகத் தெரிந்தன. மறுபடி பாசியிலிருந்து தொடங்க வேண்டும்.

நட்பும் இப்படித் தாங்கும், இப்படியே இழுத்தும் விடும். ஆகவே விட்டுக்கொடுக்கக் கூடாத இடமும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். குடித்தவர் சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். தூக்கம் சொக்குகிறவரை ஓட்ட விடாதீர்கள். ஆன்லைன் சூதாட்டத்திலும் கடனிலும் ஒருவர் நழுவத் தொடங்கும்போதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று தடுத்துப் பிடியுங்கள். ஹோமர் சுரங்கப் பகுதியில் பனிச்சரிவு அபாயம் என்றால் சாலையை மூடிவிடுவார்கள். மே முதல் நவம்பர் வரை டயருக்குப் போடும் சங்கிலியும் வண்டியில் இருந்தாக வேண்டும். படகுக்கு நேரமாகிறது, டிக்கெட் பணம் வீணாகிறது என்று கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். 1983-இல் சாலைப் பணியாளர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார்; அந்தக் கண்டிப்பு அப்படி உண்டானது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நல்ல நண்பன் அந்த மூடிய சாலை மாதிரிதான் இருப்பான்.

விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று பெரியவர்கள் சொன்னதை நான் வாழ்ந்து பார்த்துச் சொல்கிறேன்: உண்மைதான். அடுத்த விடுமுறைக்கு நண்பர்களைக் கூப்பிடும்போது, எங்கே போகலாம் என்று கேட்பதற்கு முன்னால், உன்னால் என்ன முடியும், எது முடியாது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கேட்டதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நன்றாகப் போய் வருவீர்கள்.