காய்த்துப்போன கட்டைவிரல்

வடக்கு லண்டனில் என் அக்கா மகளுக்குச் செலோ சொல்லித்தரும் ஆசிரியைக்கு இடது கட்டைவிரலின் ஓரம் தடித்துக் காய்த்திருக்கிறது. செலோவில் கீழ் ஸ்தாயி வாசிக்கும்வரை கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் நிற்கும். மேலே போகும்போது அதுவும் முன்னால் வந்து கம்பிகளின்மீது குறுக்கே படுக்க வேண்டும். "ஆரம்பத்தில் எரியும், பிறகு மரத்துவிடும்" என்றார் அவர்.

அவர் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தேன். பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்தார்கள். நாலு கம்பிகள், ஒவ்வொன்றும் கீழுள்ளதற்குப் பஞ்சமம். பாட்டு வரும் என்று காத்திருந்தேன். பாதி வகுப்பு ஒரே கம்பியில் வில்லை நுனிவரை இழுப்பதிலேயே போனது. பிள்ளை சலித்துக்கொண்டாள். ஆசிரியை அசையவில்லை. "விரலால் அமுக்காதே, கையின் கனத்தை இறக்கு." அதையே மறுபடியும் சொன்னார். தலைமுறைகளாக மாணவர்களைப் படுத்தும் டேவிட் பாப்பரின் 40 பயிற்சிகளில் ஒன்று அடுத்து வந்தது. கடைசியில்தான் பாக்.

பாக்கின் ஆறு செலோ தொகுப்புகளுக்கு அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்டலேனா எடுத்த படி இருக்கிறது. அதில் எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்ப்பது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. அதனால் ஆசிரியருக்கு ஆசிரியர் வில் மாறுகிறது. தன் ஆசிரியர் பென்சிலால் குறித்துக் கொடுத்த தாளையே அக்கா மகளின் ஆசிரியை இன்னும் வைத்திருக்கிறார். நம்மூரில் பாடாந்தரம் என்போமே, அது இங்கேயும் உண்டு.

படிக்கும் காலத்தில் அவருக்கும் தனிக் கச்சேரிக் கனவுதான் இருந்தது. பிழைப்பைக் கொடுத்தது ஆர்கெஸ்ட்ரா. அங்கே நுழைவதற்கான ஆடிஷனில் பல இடங்களில் நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை கட்டிவிடுவார்கள். ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோ, பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம் எனச் சில துண்டுகள்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். பல வருட சாதகம் சில நிமிடங்களில் எடைபோடப்படும். தேறினாலும் வேலை கிடைத்துவிடாது. இங்கிலாந்தில் மாதக்கணக்கில் குழுவோடு உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். தோள்வலி, வெளியூர்ப் பயணம், விமானத்தில் செலோவுக்கும் தனி டிக்கெட் என்று மீதியையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

செலோ என்றதும் பலருக்கு ஜாக்குலின் டு ப்ரே நினைவுக்கு வருவார். 1965இல், இருபதே வயதில், எல்காரின் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தவர். நரம்பு நோயால் 1973இல் மேடையை விட்டார், பிறகு கற்பித்தார், 1987இல் மறைந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த வில்லியம் பிளீத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? கில்ட்ஹால் இசைப்பள்ளியில் முப்பது வருடம் கற்பித்தவர். என் கணக்கில் இந்தக் கலை நிற்பது இவரைப் போன்ற ஆசிரியர்கள் கையில்தான்.

பிள்ளையைச் செலோவில் சேர்க்க நினைப்பவர்கள் அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். கால், அரை, முக்கால் அளவுகள் உண்டு. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியிருக்கும், வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஆசிரியரிடம் போனால், எந்த மேடையில் வாசித்தீர்கள் என்பதோடு, வில்லுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்றும் கேளுங்கள்.