புகை போகும் வழி

பழைய மாளிகையின் புகைபோக்கிகளைச் சோதிக்க வருகிறவர்கள் வந்த உடனே தூரிகையைக் கையில் எடுப்பதில்லை. முதலில் வீட்டைச் சுற்றி நடக்கிறார்கள். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு பெரிய மாளிகையில், அக்டோபர் மாதக் காலை ஒன்றில் நானும் அவர்களோடு நடந்தேன். உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டதால் மாளிகையின் பெயரைத் தவிர்க்கிறேன். வந்தவர்கள் மூவர். புகைபோக்கி சுத்தம் செய்வதிலேயே அறுபது வயதைக் கடந்துவிட்ட பெரியவர், அவரிடம் தொழில் பழகும் இளம்பெண், கூரை வேலைக்கு ஒரு கொத்தனார். மூவரும் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்து, உச்சியில் தெரிந்த சுடுமண் குழல்களை எண்ணினார்கள். பிறகு உள்ளே போய் அறை அறையாகக் கணப்புகளை எண்ணினார்கள். கணக்கு ஒத்துப்போகவில்லை. எந்தப் பெரிய வீட்டிலும் ஒத்துப்போகாது என்றார் பெரியவர்.

குளிர்காய அறைக்கு அறை கணப்பு வைத்துக் கட்டும் ஏற்பாடு நம் ஊர் வாசகருக்கு அதிகம் பழக்கமில்லாதது. வெளியிலிருந்து பார்த்தால் கூரையில் ஒரே ஒரு செங்கல் தூண் நிற்பதுபோல் இருக்கும். அதற்குள்ளே ஆறு, எட்டு புகைவழிகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறிப்போகும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரும்பாலும் அரைச் செங்கல் தடுப்புதான் இருக்கும். தரைத்தளத்துக் கணப்பின் புகைவழி மாடிக் கணப்பைச் சுற்றிக்கொண்டு வளைந்து போக வேண்டும். விறகு எரித்த காலத்தில் அகலமாக இருந்த வழிகளை, நிலக்கரி வந்த பிறகு குறுக்கினார்கள். 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்பது பரவலாக இருந்த அளவு. பின்னால் வந்தவர்கள் சில கணப்புகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், சிலவற்றின் புகைவழியைப் பக்கத்து வழியோடு இணைத்தார்கள். மூன்றரை நூற்றாண்டில் எத்தனை கை பட்டிருக்கும்! எந்தக் கணப்பின் புகை எந்தக் குழலில் வெளியேறுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை என்று எனக்கு அன்று புரிந்தது. கரியைத் தட்டுவது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெண்ணிடம் ஒரு வரைபடம் இருந்தது. மாளிகையின் நெடுக்குவெட்டுத் தோற்றம், ஒவ்வொரு கணப்புக்கும் ஓர் எண், எண்ணிலிருந்து கூரைக்குப் போகும் கோடு. உறுதியான கோடுகள் மையில் இருந்தன, சந்தேகமானவை பென்சிலில். ஓரத்தில் 1660களின் கணப்பு வரிக் கணக்கையும் குறித்து வைத்திருந்தாள். 1662இல் இங்கிலாந்து அரசு கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி போட்டது. மக்கள் வெறுத்த அந்த வரி 1689இல் ஒழிந்தது. ஆனால் வீட்டுக்குள் புகுந்து அடுப்பை எண்ணிய அந்த அதிகாரிகளின் ஏடுகள்தான், ஒரு வீட்டில் அன்று எத்தனை கணப்பு இருந்தது என்பதற்கு இன்று சாட்சி.

லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போகிறவர்கள் அதன் கூரையை ஒரு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். அங்கே 241 புகைபோக்கிகள் இருப்பதாகச் சொல்வார்கள். முறுக்கிய வடிவம், தேன்கூட்டு வடிவம் என்று செங்கல்லிலேயே செதுக்கியவை. அவற்றில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய பாணியிலேயே திரும்பக் கட்டப்பட்டவை. அரண்மனை கட்டப்பட்ட காலத்தில் புகைபோக்கி என்பது செல்வத்தின் அடையாளம். கூரை மேல் எத்தனை நிற்கிறது என்பதை வைத்தே வீட்டுக்காரரின் தகுதியை ஊர் எடைபோட்டது.

நாங்கள் போன மாளிகையின் நூலக அறைக் கணப்பில் பெரியவர் புகை வில்லையைக் கொளுத்தினார். மாத்திரை போன்ற சின்ன வில்லை, கெட்டியான வெள்ளைப் புகையைக் கக்குகிறது. கொத்தனார் கூரையில் நின்று, எந்தக் குழலில் புகை வருகிறது என்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். நானும் அந்தப் பெண்ணும் மேல்மாடி அறைகளில் கதவு கதவாகத் திறந்து மோப்பம் பிடித்தோம். கூரையிலிருந்து ‘வந்துவிட்டது’ என்று குரல் கேட்டது. அதே நேரத்தில், ஒரு படுக்கையறையின் சுவரலமாரியை அவள் திறந்தாள். உள்ளே தொங்கிய போர்வைகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய வெள்ளை இழை ஒன்று நெளிந்து வந்தது. பலகையைக் கழற்றினால் அங்கே அடைபட்ட ஒரு கணப்பு. நூலகத்தின் புகைவழிக்கும் இதற்கும் நடுவிலிருந்த தடுப்பு எங்கோ விழுந்திருக்கிறது. நூலகத்தில் தீ மூட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இந்தப் படுக்கையறைக்குள் வரும். உறங்குகிறவர் எழமாட்டார்.

கேமராவை இறக்கினார்கள். திரையில் முதலில் தெரிந்தது உட்பூச்சு. சுண்ணாம்புச் சாந்தில் மாட்டுச் சாணம் கலந்து பூசுவது அந்நாளைய வழக்கம். சூட்டில் விரிந்து சுருங்கும்போது வெடிக்காமல் இருக்கச் சாணத்தின் நார் உதவும். சாணம் மெழுகிய தரையில் வளர்ந்தவள் என்பதால் ஆங்கிலேயப் பிரபுவின் நூலகச் சுவருக்குள் அதைக் கண்டபோது எனக்கு ஓர் உரிமை தோன்றியது. இன்னும் கீழே, பூச்சு உதிர்ந்த இடத்தில், தடுப்பில் இரண்டு செங்கல் அளவுக்கு ஓட்டை. அதை அடுத்து, சுவருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஓர் உத்தரத்தின் முனை. அது கறுத்திருந்தது.

பெரியவர் பேச்சை நிறுத்தியது அங்கேதான். மரம் தீப்பிடிக்கத் தீ நேராகப் படவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் சூடு ஏறி ஏறி, உள்ளுக்குள் கரியாகிப்போன மரம் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கணப்பு அணைந்த பிறகும் சுவருக்குள் கனன்று, நாள் கழித்து வேறோர் அறையில் வெடிக்கும். 1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் இயங்கிய நாடாளுமன்றம் எரிந்ததும் புகைவழியால்தான். கருவூலம் வெட்டுக்குறியிட்டுக் கணக்கு வைத்த பழைய மரக்குச்சிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த உலைகளில் நாள் முழுக்கப் போட்டு எரித்தார்கள். பிற்பகலில் அவையைப் பார்க்க வந்தவர்களுக்குச் செருப்பைத் தாண்டித் தரை சுட்டது. புகையில் சுவர்த்திரைச்சீலைகள் சரியாகத் தெரியவில்லை. யாரும் உலையை நிறுத்தவில்லை. மாலை ஆறு மணிவாக்கில் தீ வெளியே வந்தது. எச்சரிக்கை அத்தனையும் கண்ணுக்கும் காலுக்கும் எட்டியிருந்தும் ஓர் அரண்மனை போனது என்பதை என்னால் இன்றும் ஆறிப்போன செய்தியாகப் படிக்க முடிவதில்லை.

சமையலறையின் பெரிய புகைவழிக்குள் கேமரா போனபோது, சுவரில் கால் வைக்கவும் கையால் பிடிக்கவும் செதுக்கிய குழிகள் தெரிந்தன. கரியைத் தட்ட அந்நாளில் உள்ளே ஏற்றப்பட்ட சிறுவர்களுக்கானவை. குறுகலான வழிகளில் அந்தக் குழிகூடக் கிடையாது. முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றியே ஏற வேண்டும். இந்தச் சிறுவர்கள் வளர்ந்ததும் அவர்களுக்கு வந்த விதைப்பைப் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இல் எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகம் அறிந்தது அப்படித்தான். 1788, 1834, 1840, 1864 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. நீளப் பிரம்பில் மாட்டிய தூரிகையும் அதற்குள் வந்துவிட்டது. ஆனாலும் சிறுவர்களை ஏற்றினார்கள், ஏனென்றால் பிள்ளை மலிவு, பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் சுவரை உடைத்துத் தூரிகை விடக் கதவு வைக்க மனமில்லை. 1875இல் ஜார்ஜ் பிரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனையின் புகைவழியில் சிக்கி இறந்த பிறகு, ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம்தான் காவல்துறையின் கையில் இந்தத் தொழில் செய்வோருக்கு உரிமம் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்து இதை முடித்துவைத்தது. பாரம்பரியக் கட்டடம் என்று நாம் காப்பாற்றுவதில் அந்தக் குழிகளும் அடக்கம். அவற்றைப் பூசி மறைக்கக் கூடாது என்று பெரியவர் அறிக்கையில் தனியாக எழுதச் சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

பிற்பகலில் சாரத்தில் ஏறினோம். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினார், செங்கல் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கரியிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து சாந்தைத் தாக்கும். எந்தப் பக்கம் அதிக நேரம் ஈரமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சாந்து ஊதும், தூண் எதிர்ப்பக்கம் சாயும். முந்தைய தலைமுறை செய்த ‘பழுதுபார்ப்பு’ இன்னும் கெடுதல் செய்திருந்தது. இடுக்குகளில் சிமென்ட் அடைத்திருந்தார்கள். சிமென்ட் செங்கல்லைவிட இறுகலானது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்ததில் செங்கல்லின் முகம் ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது. அவர் அந்தச் சிமென்ட்டை உளியால் அங்குலம் அங்குலமாக எடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் வைத்தால் செங்கல்லின் விளிம்பும் போய்விடும். எடுத்த இடத்தில் சுண்ணாம்புக் காரை, மேலே நனைத்த சணல் சாக்கு. பக்கத்துக் குழலிலிருந்து ஜாக்டா காக்கைகளின் பழைய கூட்டை இழுத்தார்கள், சுள்ளி வந்துகொண்டே இருந்தது. வசந்தத்தில் முட்டையோ குஞ்சோ இருந்தால் பறவைகளைக் காக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தொட முடியாது. அதனால் இந்த வேலைக்கு இலையுதிர் காலம்தான் தோது.

மாலையில் மேலாளர் வந்தார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு நூலகத்தில் தீ மூட்டலாமா என்பதுதான் அவர் கேள்வி. பெரியவர் முடியாது என்றார். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்கினால் என்ன என்று கேட்டார் மேலாளர். அது பின்னால் உருவி எடுக்கக்கூடியது என்பதால் எனக்கும் அது நல்ல வழியாகவே பட்டது. கான்கிரீட் ஊற்றி வழியை மூடுவதைப் போன்ற மீளாத கேடு அதில் இல்லை. ஆனால் கருகிய உத்தரத்தை வெட்டி எடுக்காமல் குழாய் இறக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. உத்தரத்துக்குப் போகக் கணப்புக்கு மேலிருக்கும் பதினேழாம் நூற்றாண்டுச் சுதைவேலையைத் தொட வேண்டும். இது முதல் நிலைப் பட்டியலில் உள்ள கட்டடம், பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் கட்டடங்களில் ஏறக்குறைய 2.5 சதவீதத்துக்கே அந்த நிலை. அனுமதியின்றிக் கைவைப்பது குற்றம். விண்ணப்பம் போட்டு அனுமதி வருவதற்குள் பனி வந்துவிடும், உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது. ஆக, ஏப்ரலுக்கு முன் ஒன்றும் நடக்காது.

‘ஒரே ஒரு நாள் மட்டும்?’ என்றார் மேலாளர்.

பெரியவர் கணப்பின் இரும்புச் சட்டத்தில் சிவப்பு அட்டையைக் கட்டினார். அந்தப் பெண் வரைபடத்தில் நூலகத்துக் கோட்டின் மேல் குறுக்கே சிவப்பு மை இழுத்து, படுக்கையறைக் கணப்புக்குப் புதிதாக எண் போட்டாள். கொத்தனார் சாரத்தை ஏப்ரல் வரை பிரிக்க வேண்டாம் என்றார். அவ்வளவு மாத வாடகையை யார் கொடுப்பது என்று மேலாளர் கேட்டார், நான் கிளம்பும்போதும் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.