அக்காவை வழியனுப்பினோம்

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது இரண்டு வழிகளில்தான். ஒன்று திருமணம், மற்றொன்று கன்னியர் மடம். இவ்விரண்டுக்கும் ஊரார் அறிந்த முறைமைகள் உண்டு. என்னென்ன பாத்திரம் கொடுத்தனுப்ப வேண்டும், யார் யார் உடன் செல்ல வேண்டும், யார் எந்த இடத்தில் அழ வேண்டும் என்பது வரை ஒழுங்கு உண்டு. ஆனால் ஒரு பெண் நான்கு ஆண்டுகள் படிப்பதற்காக வேற்றூர் விடுதியில் தங்கப் போகிறாள் என்றால் என்ன செய்வது? அதற்கு எங்கள் குடும்பத்தில் முன்மாதிரியே கிடையாது. 2024ஆம் ஆண்டில் எங்கள் மூத்த சகோதரி தூத்துக்குடியிலிருந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது ஒவ்வொன்றையும் நாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இனிமேல் போகவிருக்கும் தோழியருக்கும் அவர்களை அனுப்பவிருக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம். எழுதுகிறவர்கள் இருவர், அப்போது ஒருத்தி பதினோராம் வகுப்பு, மற்றவள் ஒன்பதாம் வகுப்பு.

எங்கள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் விசைப்படகுகளுக்குரிய கட்டுப்பாடு. ஆகவே கடலோடியின் வீடாக இருந்தும் இரவில் எங்கள் வீட்டில் ஆள் குறைந்ததே இல்லை. அப்பா, அம்மா, ஆச்சி, அக்கா, நாங்கள் இருவர், ஆறு தட்டு. இதைச் சொல்வதன் காரணம் பின்னால் விளங்கும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு எப்போதும் தவறான மாதத்தில் வருகிறது. மீன்கள் இனம் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதும், விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுவதும், சான்றிதழ்களுக்கு அலைவதும் சரியாக அந்த நாட்களில்தான். வரவில்லாத காலத்தில்தான் செலவெல்லாம். அம்மா இதை முன்னரே கணித்து, அக்கா பதினோராம் வகுப்பில் சேர்ந்த மாதமே ஒரு சீட்டுப் போட்டு, அது மே மாதத்தில் கைக்கு வரும்படி பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பொருளாதாரம் கற்றவர் எவருமில்லை. அம்மாவும் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்தாம்.

ஆனால் தடைக்காலத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. அப்பா வீட்டில் இருந்தார்கள். வலை செப்பனிடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழ் என்று அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். இணையவழியில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் அந்தக் காகிதம் கைக்கு வருகிறது. தேர்வு முடிவு வந்தபின் ஓடலாம் என்று இருந்துவிட வேண்டாம். பொதுத் தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்கிவிடுவது நலம்.

கலந்தாய்வு தொடங்கியபோது வீட்டுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. எங்கள் மாவட்டத்திலேயே வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிக்குளத்தில் ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்டது, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அக்காவின் மதிப்பெண்ணுக்கு அங்கும் இடம் கிடைக்கும். “கிள்ளிக்குளம் இருக்கும்போது கோயமுத்தூருக்கு எதுக்குப் போகணும்? ரெண்டும் ஒரே பட்டம்னுதானே சொல்லுதீய?” என்றார்கள் ஆச்சி. உண்மையைச் சொன்னால் இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் தாத்தா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர். அவர் திரும்புகிற நாளைக் காற்று தீர்மானித்த காலத்தில் கடற்கரையில் போய் நின்றவர்கள் ஆச்சி. தூரம் என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

அக்கா இரண்டு நாட்கள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கிள்ளிக்குளம்னா சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துருவேன். வந்தா அம்மாவுக்கு ஊசி, ரேஷன், வீட்டுக் கணக்கு எல்லாம் மறுபடியும் என் கையிலதான். அப்புறம் நான் எப்ப படிக்க?”

யாரும் பேசவில்லை. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டு வந்தவள் அக்காதான். அம்மாவுக்குத் தம் கையால் குத்திக்கொள்ள மனம் துணியாது. அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார்கள். “அவ சொல்றது சரிதான். கோயமுத்தூரே எழுதட்டும்” என்றார்கள். ஆச்சியின் பக்கம் திரும்பி, “ஆச்சி, தோணிக்குக் காத்து வேணும், பஸ்ஸுக்கு டிக்கெட் போதும்” என்றாள் அக்கா. ஆச்சி சிரிக்கவில்லை.

ஆகவே அக்காவை ஆயத்தம் செய்வதற்கு முன் எங்களை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. புறப்படுகிறவள் வீட்டில் எந்தெந்த வேலைகளைத் தாங்கிக்கொண்டிருந்தாள் என்று ஒரு தாளில் எழுதினோம். பதினேழு வந்தது. அவற்றுள் பதினாறு எளியவை.

பதினேழாவது ஊசி. அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்துக் குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடியுள்ள ஊசிக்குழல்தான் பயன்படுத்த வேண்டும்; 100 என்று போட்டிருந்தால் அதற்குரியது வேறு. மாற்றி எடுத்தால் அளவு தவறி ஆபத்தாகிவிடும். அம்மாவுடையது பால்போல் கலங்கிய மருந்து. அதைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கிடையில் மெல்ல உருட்ட வேண்டும். ஒரே இடத்தில் தினமும் போடக் கூடாது. உடல் வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று பொருள். உடனே சர்க்கரை கரைத்துக் கொடுக்க வேண்டும். பத்து நாட்கள் சாத்துக்குடிப் பழத்தில் வெறும் நீரை ஏற்றிப் பழகினோம். பதினோராம் நாள் எங்களில் மூத்தவள் அம்மாவின் வயிற்றில் போட்டாள். “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல” என்றார்கள் அம்மா. அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா என்று இன்றளவும் தெரியாது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

இனி அக்காவின் ஆயத்தம். அவள் இப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்தவள். அவளுக்குக் கிடைத்த இடமோ ஆங்கில வழி. மண், பயிர், பூச்சி எல்லாவற்றையும் தமிழில் அறிந்தவள் அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டுத் திகைத்துவிடக் கூடாதே என்று, நம் நூலகச் சகோதரி ஆங்கில வழி உயிரியல், வேதியியல் நூல்களை விடுமுறைக்குக் கொடுத்துதவினார்கள். இரவுதோறும் ஒரு பாடம். அக்கா தமிழில் சொல்ல வேண்டும், நாங்கள் ஆங்கிலச் சொல்லைத் தேடிக் காட்ட வேண்டும். மறுநாள் மாற்றிக் கேட்போம். இதில் எங்களுக்கும் ஆதாயம் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

தனியே பயணம் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. எனவே ஒரு திங்கட்கிழமை காலையில் அவளைத் திருநெல்வேலிக்குத் தனியே அனுப்பினார்கள் அம்மா. பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்திற்குப் போய்விட்டு, அங்கே ஓர் உணவு விடுதியில் தனியே அமர்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. ஆனால் தனியே உட்கார்ந்து இலைபோட்டுச் சாப்பிடுவதுதான் கடினமாக இருந்ததாக அக்கா சொன்னாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதாக எண்ணிப் பாதிச் சோற்றில் எழப் பார்த்தாளாம். பிறகு ரசம் நன்றாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டாளாம். அடுத்த முறை மதுரைக்குப் போனாள். வங்கிக்கும் அவளையே அனுப்பினோம். இரகசிய எண்ணை யாரிடமும், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவரிடமும்கூடச் சொல்லக் கூடாது என்பதை ஆச்சி உட்பட அனைவரும் மனப்பாடம் செய்தோம்.

அம்மாவின் பெரிய அச்சம் பகடிவதை. 1996இல் நடந்த ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பின், 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இன்று மாணவியும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறார்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை அக்காவின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதினோம். அதைவிடவும் அப்பா சொன்னது அவளுக்குத் தெம்பாக இருந்ததாம்: “பிடிக்கலைன்னா எந்த ராத்திரியானாலும் போன் பண்ணு. காரணம் கேக்காம வந்து நிப்பேன். படிப்பு போச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.” அப்பா நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது மிகவும் குறைவு.

கோவைதான் என்று ஒதுக்கீடு வந்த வாரத்தில் பனிமய மாதா ஆலயத்தில் கொடியேறியிருந்தது. அக்கா நம் தலைமையாசிரியை சகோதரியிடம் விடைபெறச் சென்றபோது நாங்களும் உடன் சென்றோம். அவர்கள் அறிவுரை கூறுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு தாவரவியல் அறிஞரைப் பற்றிப் பேசினார்கள். 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் படித்து, 1924இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1931இல் அங்கே ஆய்வுப் பட்டம் பெற்று, 1934இல் கோவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். “அந்தக் காலத்தில் கப்பலில் போய்ச் சேர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். அவங்க வீட்டிலும் ஓர் ஆச்சி இருந்திருப்பாங்க” என்று சொல்லிச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதை வீட்டில் வந்து சொன்னபோது, “அந்த ஆச்சிக்கு என்ன பதில் சொன்னாளாம்?” என்று கேட்டார்கள் எங்கள் ஆச்சி.

பெட்டி விஷயம் எழுதாமல் முடியாது. தாத்தா தோணியில் கொண்டுபோன தகரப் பெட்டியை அப்பா துருப்போகச் சுரண்டிப் படகுக்கு அடிக்கிற நீலச் சாயத்தையே பூசினார்கள். கட்டிலுக்கடியில் நுழையுமா என்று அளந்தும் பார்த்தார்கள். அதற்குள் என்ன வைப்பது என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. விடுதியில் கேட்டவை வாளி, பூட்டு, போர்வை, வயலில் இறங்கக் காலணி முதலியவை. அம்மா சேர்த்தது காய்ச்சல் மாத்திரையும், எந்த மருந்து அவளுக்கு ஒவ்வாது என்று எழுதிய அட்டையும், மாதவிலக்குத் துணிகள் மூன்று மாதத்துக்கும். நாங்கள் வைத்தது ஊசியும் நூலும், தபால் அட்டை பத்து. ஊர்ப் பெருமைக்கு இரண்டு பெட்டி மக்ரூன். ஆச்சி கொணர்ந்ததோ மாசிக் கருவாட்டைப் பொடித்து வறுத்த சம்பல், ஒரு பெரிய டப்பா நிறைய. மணம் புத்தகங்களில் ஏறிவிடும் என்று அக்கா தயங்கினாள். ஆச்சி அதை மூன்று சுற்றுக் காகிதத்திலும் இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக்கிலும் பொதிந்து, தாமே பெட்டியின் மூலையில் வைத்தார்கள். அவர்கள் சம்மதித்த விதம் அதுதான் என்று எங்களுக்குப் புரிந்தது.

ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழா முடிந்தபின், கல்லூரி அழைத்த நாளுக்கு முந்தைய இரவு அப்பாவும் அக்காவும் பேருந்து ஏறினார்கள். அன்றிரவு பழக்கத்தால் ஆறு தட்டு எடுத்தோம். இரண்டைத் திரும்ப அடுக்கினோம். மறுநாளிரவு அப்பா வந்துவிட்டார்கள், தட்டு ஐந்தாயிற்று.

முதல் மாதம் அக்கா அழுதாள் என்பதை அவள் அனுமதியுடனேயே எழுதுகிறோம். தொலைபேசியை உடனே எடுத்து ஆறுதல் சொல்லத் துடித்த எங்களை அம்மா தடுத்து, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை மட்டும் என்று வைத்தார்கள். எட்டு மணிக்குள் அவளுக்கே பாதித் துன்பம் தீர்ந்திருக்கும். அவளுக்குப் பெரிய குழப்பம் திசைதானாம். தூத்துக்குடியில் எங்கே நின்றாலும் கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. அங்கே கடலில்லை. பிறகு மேற்கே தெரிகிற மலைத்தொடரைப் பார்த்துத் திசையறியப் பழகிக்கொண்டாள். சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றி அவள் சொல்லும்போதெல்லாம், குடம் வைத்துக் காத்திருந்த எங்கள் தெருவாருக்குப் பொறாமையாக இருக்கும்.

புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டபோது எங்களைப் போன்றோருக்கு அதில் இடமில்லை. 2024 டிசம்பர் 30ஆம் நாள், நம் தூத்துக்குடியில் நடந்த விழாவிலேயே, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. மாதம் 1000 ரூபாய். அக்கா முதல் முறை பெற்ற பணத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை அளவு பார்க்கும் சிறு கருவி வாங்கி அனுப்பினாள். நாங்கள் அளவைக் குறித்து ஞாயிறுதோறும் அவளுக்குப் படித்துச் சொல்கிறோம். அவள் அங்கே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். அந்த ஒரு வேலையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்தபோது நீலப் பெட்டியில் டப்பா காலியாகத் திரும்பியிருந்தது. அறைத் தோழியர் மூவருமே சைவம் என்று முதல் வாரத்தில் சொல்லியிருந்தாள். அவ்வளவு பெரிய டப்பா எப்படித் தீர்ந்தது என்று ஆச்சி விசாரித்துக்கொண்டே அடுத்ததற்கு மாசி இடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.